‘விளங்கிச்சா, உம்மா?’: கல்முனைக் கரையில் தாதியரும் நோயாளர் கல்வியும்

கிளினிக் நாளில் அதிகம் காதில் விழும் சொல் ‘விளங்கிச்சா?’ என்பதுதான். இன்சுலின் அளவை மாற்றி எழுதிவிட்டு மிஸி கேட்பார்: “விளங்கிச்சா, உம்மா?” முக்காட்டைச் சரிசெய்தபடி உம்மா சொல்வார்: “ஓம் மிஸி.” கொப்பி கைமாறும். அடுத்த இலக்கத்தைக் கூப்பிடுவார்கள். என் தாயாரோடு இப்படிப் பல காலைகள் நின்றிருக்கிறேன். த்ரீவீலில் ஏறியதும் அவர் என் பக்கம் சாய்ந்து கேட்பது இதுதான்: “அந்தப் புள்ள என்னவாம் சொன்னா?”

அந்த ‘ஓம்’ எதை மறைக்கிறது என்பதே இங்கே என் கேள்வி. சீனி, பிரஷர், நெஞ்சு வருத்தம், முட்டு என்று வளர்ந்தவர்களை வருடக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு நடக்கவைக்கும் நோய்களெல்லாம் ஒரே சாதி. டொக்டர் மாதத்துக்கு ஒருமுறை சில நிமிடம் பார்ப்பார். மீதி நாளெல்லாம் நோயாளியே தனக்கு டொக்டர், தானே பாமசி. அந்த வேலைக்கு அவரைப் பழக்கிவிடுவது தாதியின் பொறுப்பு என்று தாதியியல் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருகிறது. அமெரிக்கத் தாதி டொரத்தியா ஓரம் 1971இல் எழுதிய நூலின் சாரமே அதுதான். தாதியர் கல்லூரியில் படித்துவந்த பிள்ளைக்கு இது மனப்பாடம். ஆனால் நூற்றுக்கணக்கான கொப்பிகள் மேசையில் அடுக்கியிருக்கும்போது அந்த மனப்பாடத்தை எங்கே பாவிப்பது?

நோயின் பரிமாணத்தைச் சொல்ல இரண்டு மூன்று எண்கள் போதும். 2005-06இல் நாடு தழுவி நடந்த ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நகர்ப்புறங்களில் அது 16 வீதத்தைத் தாண்டியிருந்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி எடுத்த அளவீட்டில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்குச் சீனி, மூன்று பேரில் ஒருவருக்குப் பிரஷர். கல்முனைக்கென்று தனிக் கணக்குத் தேடுவதைவிட எங்கள் சாப்பாட்டு மேசையைப் பார்ப்பது சுலபம். காலையில் பிட்டோ ஆப்பமோ, பகலில் குவித்த சோறு, இரவில் திரும்பவும் பிட்டு, நடுவில் கரண்டி கரண்டியாகச் சீனி போட்ட பால்தேத்தண்ணி. கருவாடும் மாசியும் அச்சாறும் உப்பைக் கவனித்துக்கொள்ளும். கலியாண வீட்டு வட்டிலப்பத்தை வேண்டாம் என்று சொல்ல இந்தக் கரையில் துணிச்சல் வேண்டும்.

ஆஸ்பத்திரிகளுக்குக் குறையில்லை. இலங்கையில் 25 மாவட்டங்கள். சுகாதாரப் பிராந்தியங்கள் மட்டும் 26. அந்த மேலதிகமான ஒன்று கல்முனை. கரையோரத்துக்கென்று தனிப் பிராந்தியப் பணிமனை இருக்கிறது. ஒரே நகருக்குள் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும், 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் பெயரைத் தாங்கிய ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கின்றன. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று தெற்கே போகப் போக இன்னும் உண்டு. நிந்தவூரில் தொற்றா நோய்களுக்கென்றே ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை ஒன்றும் இருக்கிறது. மருந்து இலவசம். ஆக, கட்டிடத்தைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் இந்தக் கட்டுரையில் மேலே பேச்சில்லை.

மறதியிலிருந்து தொடங்குவோம். நெதர்லாந்து உளவியலாளர் ரோய் கெஸல்ஸ் 2003இல் முந்தைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். வைத்தியசாலையில் சொல்லப்படும் தகவலில் 40 முதல் 80 வீதம் வரை அந்த இடத்திலேயே மறந்துபோகிறது என்பது அவர் கண்டது. நினைவில் நிற்பதாக எண்ணுவதிலும் ஏறத்தாழப் பாதி பிழையாக நிற்கிறதாம். என் தாயார் விதிவிலக்கல்ல என்பதில் எனக்கு ஒரு ஆறுதல். இதற்குத் தாதியியல் கண்ட வழி மிக எளிது: ‘விளங்கிச்சா?’ என்று கேட்காதே, சொன்னதைத் திருப்பிச் சொல்லவை. ‘விளங்கிச்சா?’ என்பதற்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான் மரியாதையானது. இல்லை என்று சொன்னால் தனக்கு மூளை போதாது என்று ஒப்புக்கொண்டதாகும், அல்லது மிஸி சரியாகச் சொல்லவில்லை என்று குறை சொன்னதாகும். இரண்டையும் எந்த உம்மாவும் செய்யமாட்டார். சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி கேட்டால் மரியாதைக்கும் பங்கமில்லை, பிழையும் அங்கேயே வெளியே வந்துவிடும். அதற்குத் தேவைப்படுவது இரண்டு நிமிடம். 150 கொப்பிகளுக்கு இரண்டு நிமிடப்படி எவ்வளவு என்று வாசகர் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நேரமில்லை என்பதை நான் சாட்டாக எடுக்கவில்லை. ஆனால் இதே நாடு, இதே சுகாதார அமைச்சு, இன்னொரு விஷயத்தில் நேரத்தை உண்டாக்கிக் காட்டியிருக்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்தவர்தான் இன்று எங்கள் ஒழுங்கைக்குள் ஸ்கூட்டியில் வரும் மிட்வைஃப். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர். கர்ப்பிணி என்று பதிந்த நாளிலிருந்து அவர் வீட்டுக்கே வருகிறார். குசினியை எட்டிப் பார்க்கிறார், இரும்புக் குளிசையை எண்ணிப் பார்க்கிறார், மாமியாரையும் கூப்பிட்டு இருத்திப் பேசுகிறார். ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய்மார் மரணம் 30 அளவுக்கு இறங்கியதில் அந்தக் குசினிப் பேச்சுக்குப் பங்குண்டு. அதே வீட்டின் பின்னறையில் மூத்தம்மா தானே தனக்கு இன்சுலின் குத்திக்கொண்டிருக்கிறார். மிட்வைஃப் அவருக்குச் சுகம் விசாரித்துவிட்டுக் கடந்துபோவார். மூத்தம்மா அவருடைய பதிவேட்டில் இல்லை.

இருந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தும் இருக்கிறார்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த தஸீன் ஜஃபர் தலைமையில் பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய 3 நாடுகளின் கிராமப்புறங்களில் 30 தொகுதிகளில், பிரஷர் உள்ள 2,645 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020 பெப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வெளியானது. பாதித் தொகுதிகளில் அரசாங்கத்தின் அடிமட்டச் சுகாதார ஊழியர்களே வீடுவீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து, உப்பையும் மருந்தையும் பற்றிப் பேசினார்கள். 2 வருட முடிவில், வழமையான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களுடைய மேல் அளவு சராசரியாக 5 புள்ளி கூடுதலாக இறங்கியிருந்தது. ஒருவருடைய கொப்பியில் 5 புள்ளி பெரிதாகத் தெரியாது. ஊர் முழுவதும் 5 புள்ளி இறங்கினால் பாரிசவாத வாட்டில் கட்டில்கள் காலியாகும்.

கடலுக்கு அக்கரையில் தமிழ்நாடு 2021 ஓகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து பிரஷரும் சீனியும் பார்த்து மருந்தைக் கையில் கொடுக்கிறார்கள். எங்களுக்கும் இது புதிதல்ல. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபால்காரர் கொண்டுவந்து தந்தார். மருந்து வந்துசேர்ந்தது, அதோடு பேச்சு வரவில்லை. தபால்காரரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. 2011 முதல் நாடெங்கும் திறக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 35 வயதைத் தாண்டியவர்களைச் சோதித்து ஆலோசனை சொல்வதற்காகவே ஏற்பட்டவை. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்கள் நோய் முற்றிய பிறகுதான் முகம் காட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில் காரணம் ஊகிக்கக் கடினமில்லை: வெட்டுக் காலத்தில் வயல் வாடி, மற்றக் காலத்தில் கடற்கரை வாடி. குளிசைப் பை வீட்டில் ஆணியில் தொங்கும்.

இந்தக் கரைக்கு நோயாளர் கல்வி என்று ஒன்று வகுப்பதாக இருந்தால் அதன் நாட்காட்டி ரமழானிலிருந்து தொடங்கவேண்டும். இது என் பிடிவாதமான கருத்து. இங்கே மாரி கோடை என்று பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை; எந்த மாதத்தில் வந்தாலும் ஒரு நோன்பு ஏறத்தாழ 13 மணித்தியாலம்தான். 2001இல் 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளரிடம் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஐந்தில் நால்வர் குறைந்தது 15 நோன்பாவது பிடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அளவுக்குச் சீனி இறங்கிய சம்பவங்கள் அந்த மாதத்தில் ஏழரை மடங்காகின. சீனி எகிறிய சம்பவங்களும் பெருகின. காரணம் எங்கள் வாசலிலேயே இருக்கிறது. பகல் முழுதும் வெறும் வயிறு. நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், சர்பத், கஞ்சி, றோல்ஸ், சமோசா, தறாவீஹ் முடிந்து இன்னொரு சாப்பாடு.

நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை எல்லோருக்கும் தெரியும். அல்பகரா அத்தியாயத்தின் 184ஆம், 185ஆம் வசனங்களை அறியாத வீடில்லை. ஆனாலும் ஊரே நோன்பில் இருக்கும்போது தான் மட்டும் பகலில் சாப்பிட எந்த மூத்தம்மாவும் இலேசில் சம்மதிப்பதில்லை. ‘நீங்க பிடிக்கக்கூடாது’ என்று கிளினிக்கில் ஒரு வார்த்தையில் முடித்தால் அவர் ‘ஓம்’ என்பார், வீட்டுக்கு வந்து பிடிப்பார், பிடித்ததை அடுத்த கிளினிக்கில் மறைப்பார். மறைத்த நோன்புதான் ஆபத்தான நோன்பு.

இலண்டனில் நடந்து 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதற்கு நல்ல பதில். நோன்புக்கு முன் சொல்லிக்கொடுக்கப்பட்ட குழுவில் சீனி இறங்கிய சம்பவங்கள் 9இலிருந்து 5 ஆகக் குறைந்தன. சொல்லிக்கொடுக்காத குழுவில் 9இலிருந்து 36 ஆகின. இரண்டு குழுவும் சேர்ந்தே 111 பேர்தான், அதனால் பெரிய தீர்ப்புச் சொல்லமுடியாது. ஆனால் திசை தெளிவு. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் ரமழான் நீரிழிவுக் கூட்டமைப்பும் சேர்ந்து 2016இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டி, நோன்புக்கு 6 முதல் 8 வாரத்துக்கு முன்பே நோயாளியோடு உட்காரச் சொல்கிறது. எங்கள் கணக்கில் அது றஜப் பிறை. றஜப் பிறந்த கிளினிக்கில் ‘இம்முறை நோன்பு பிடிக்கிற எண்ணமா?’ என்று மிஸி கேட்டால் உம்மாவுக்குப் பொய் சொல்லத் தேவை வராது.

சொல்லவேண்டியது அதிகமில்லை. சீனி 70க்குக் கீழே இறங்கினால் மஃரிபுக்கு அரை மணித்தியாலம் இருந்தாலும் நோன்பை விடவேண்டும். 300ஐத் தாண்டினாலும் அப்படியே. கை நடுங்கி வேர்த்தால் 3 தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணித்தியாலம் பொறுத்துத் திரும்பப் பார்க்கவேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. இதை வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னால் பாதிப் பேர்தான் நம்புவார்கள். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியே, பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும் உணவாகாத ஊசியும் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்திருக்கிறது. அதை ஜும்ஆவில் கதீப் ஒருமுறை சொன்னால் கிளினிக்கில் பத்து முறை சொல்லத் தேவையில்லை. ஊசி நேரத்துக்கு ஒரு பொது விதி உண்டு. நாளுக்கு இருமுறை கலவை இன்சுலின் போடுபவருக்கு வழமையான காலை அளவு நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போகும். வழமையான இரவு அளவு குறைக்கப்பட்டு ஸஹருக்கு வரும். பெரியது மஃரிபுக்கு, சிறியது ஸஹருக்கு. எவ்வளவு குறைப்பது என்பது டொக்டரின் முடிவு. இது மாறிப்போனால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை. முன்னால் 13 மணித்தியால வெறும் வயிறு இருக்கிறது.

கால் விஷயத்தில் இந்தச் சமூகத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. சீனியால் நரம்பு மரத்த கால் முள்ளை உணராது, மதியவெயிலில் கடற்கரை மணலின் சூட்டை உணராது. நாளுக்கு ஒருமுறையாவது காலைப் பாருங்கள் என்று உலகெங்கும் தாதியர் கெஞ்சுகிறார்கள். வுழூ செய்பவர் நாளுக்கு ஐந்து தடவை காலைக் கழுவுகிறார், விரலிடுக்கில் விரல் விட்டுக் கழுவுகிறார். அந்த ஐந்தில் ஒன்றை, வெளிச்சம் உள்ள அஸரையோ லுஹரையோ, பார்க்கும் வுழூவாக்கினால் போதும். குனிய முடியாதவர் பேரப்பிள்ளையைக் கூப்பிடலாம். இன்னொரு பாதியும் உண்டு: கழுவியபின் விரலிடுக்கை ஈரமாக விட்டால் அங்கே பங்கசு பிடித்துத் தோல் வெடிக்கும். ஆகவே தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த துணி. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் கால் பராமரிப்புப் போஸ்டர்களில் சப்பாத்தும் சொக்ஸும் போட்ட கால்கள்தான் இருக்கும்; வுழூவின் காலை எதிலும் நான் கண்டதில்லை.

யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்பதும் ஒரு கேள்வி. கிழக்குக் கரை முஸ்லிம்களிடம் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியான நூலில் இந்தத் தாய்வழிக் குடிமுறையை விரிவாக எழுதியிருக்கிறார். தாதிக்கு இதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. வயதான தாயின் சோற்றுக் கோப்பையும் உப்புப் போத்தலும் மகளின் கையில். கிளினிக்குக்குத் தாயைக் கூட்டிவருவதோ பெரும்பாலும் என்னைப் போன்ற மகன். வாகனம் அவனிடம் இருப்பதால். பாடம் பிழையான ஆளுக்கு நடக்கிறது. நான் தலையாட்டிக் கேட்டுவந்த ‘உப்புக் குறைங்க’ ராத்தாவின் குசினியை ஒருநாளும் எட்டவில்லை.

இன்சுலினைக் கையாள்வதில் பிழைகள் சின்னவை, விளைவுகள் பெரியவை. கலவை இன்சுலின் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டி, ஒரே வெண்மையாக மங்கியபின் இழுக்கவேண்டும். உருட்டாமல் இழுத்தால் மேலே தெளிந்தது ஒரு நாள், அடியில் தங்கியது இன்னொரு நாள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டிதட்டிய வயிற்றில் மருந்து ஒழுங்காகச் சேராது. உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை உறைந்த குப்பி பழுது, உருகினாலும் பாவிக்கக்கூடாது. இந்தியாவுக்கு வைத்தியத்துக்குப் போய்வருகிறவர்களின் பையில் நான் பயப்படுவது 40 யூனிட் சிரிஞ்சுக்கு. அதில் எங்கள் 100 யூனிட் குப்பியிலிருந்து 10 என்ற கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25. முட்டுக்காரருக்கு வேறு சிக்கல்: உறிஞ்சக் கொடுத்த கெப்சியூலைத் தண்ணீரோடு விழுங்குவார்கள். பிரஷர்க்காரர் தலைசுற்று நின்றதும் குளிசையை நிறுத்துவார். இவை எதுவும் கடுதாசியில் தீராது. ‘பிடி’, ‘ரிடிஎஸ்’ என்று ஆங்கிலக் குறியோடு வரும் மருந்துப் பையால் நிச்சயமாகத் தீராது. ஒருவர் கையில் எடுத்துச் செய்துகாட்டி, அவரைச் செய்யவைத்துப் பார்த்தால் தீரும்.

நம்பிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் போகமுடியாது. 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்ட மாதங்களில், இந்தக் கரையில் ஆஸ்பத்திரி வாசலைக் கண்டே பயந்தவர்கள் பலர். கிளினிக் நாளை விட்டார்கள், குளிசையை நீட்டி நீட்டிப் பாவித்தார்கள். 2022இல் மருந்தே இல்லாமல் போனபோது ஒரு குளிசையை இரண்டாக உடைக்கும் பழக்கம் வந்தது. மருந்து திரும்பிய பிறகும் சில வீடுகளில் அது தொடர்கிறது. அந்தப் பயத்தையும் பழக்கத்தையும் மாற்ற முடிந்தவர் ஒவ்வொரு கிளினிக்கிலும் பெயர் சொல்லிக் கூப்பிடும் மிஸிதான். அதே வருடங்களில் தாதியர் பலர் வெளிநாடு போனார்கள், இருந்தவர்களின் கொப்பி அடுக்கு உயர்ந்தது. ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்குப் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர்களை நியமிக்கத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. அவர்களை மேசைக்குப் பின்னால் இருத்திப் பதிவேடு நிரப்பவைத்தால் அந்த நியமனம் வீண். மிட்வைஃபுக்குக் கொடுத்ததுபோல ஆளுக்கொரு வீட்டுப் பட்டியல் கொடுங்கள்; அதில் பின்னறை மூத்தம்மாவின் பெயரும் இருக்கட்டும்.

போன றஜப்பில் தாயாரைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். இந்த முறை ராத்தாவும் வந்திருந்தார். புதிதாக மாறிவந்த இளம் மிஸி ஒருவர் நோன்புக் கால ஊசி நேரத்தைச் சொல்லி முடித்தார். ‘விளங்கிச்சா?’ வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. “சரி உம்மா, எனக்கு மறந்துபோச்சு எண்டு வெச்சிக்கங்க. இப்ப நீங்க எனக்குச் சொல்லித் தாங்க. நோன்பில எப்ப எவ்வளவு போடணும்?”

தாயார் கொஞ்சம் யோசித்தார். பிறகு வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளையைப் போல நிமிர்ந்து சொன்னார்: “பெரிசு ஸஹருக்கு, சின்னது நோன்பு திறந்து.”

மிஸி பேனையைக் கீழே வைத்தார். “இல்ல உம்மா, மாறிட்டு. வாங்க, திரும்பப் பார்ப்பம்” என்று குப்பியைக் கையில் எடுத்தார். ராத்தா கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் 47ஆம் இலக்கக்காரர் பெரிதாகச் செருமினார்.